அந்த மடிக்கணினியை முதன்முதலில் திறந்தவர் யார்?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ஆறு ஆண்டுகளாக எங்கள் தோட்டத்தின் பழைய படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கேனர் எனும் வருடியில் ஏற்றி, மடிக்கணினியில் சேர்த்துவந்தேன். ஏறத்தாழ 2,300 படங்கள், முதியவர்கள் பேசிய 40 ஒலிப்பதிவுகள், ஆலயத்தின் பழைய வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை உடைத்துவிட்டார்கள். ரப்பர் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. எங்களுக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

கணினி 2019-இல் என் மகன் வாங்கித் தந்தது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்ததால், விண்டோஸ் 11-க்கு மாறச் சம்மதம் கொடுத்தேன். மாலை நான்கு மணி. 62 விழுக்காடு ஆனபோது இடி மழை, மின்சாரம் போய்விட்டது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் கணினியும் அணைந்துவிட்டது. மறுநாள் திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே! பட்டணத்துக் கடையில், ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும், 80 ரிங்கிட் என்றார்கள். கோலாலம்பூரில் ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்கிறார். போன ஆண்டு 91 வயதில் காலமான ஒரு பாட்டி, ஜப்பான்காரர்கள் போர்க்காலத்தில் தம் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன கதையைச் சொன்ன பதிவும் இதில்தான் இருக்கிறது. வேறு பிரதி இல்லை. என் அவசரத்தால் எல்லாம் போய்விட்டதா?

பதில்:

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். போகவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால், 2,300 படங்களும் பாட்டியின் குரலும் அந்தக் கணினிக்குள் இருந்த இடத்திலேயே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அவற்றை நிரந்தரமாக அழிக்கக்கூடிய ஒரே காரியமான ஃபார்மேட்டை, அதாவது வட்டை வெறுமையாக்கிப் புதிதாக்குவதை, அந்தக் கடைக்காரர் 80 ரிங்கிட்டுக்குச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கணினியைக் கொடுக்காமல் திரும்பியது பெரிய விஷயம்.

நான் ஈப்போவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுதுபார்த்து வருகிறேன். வாடிக்கையாளர் 'கணினி கெட்டுவிட்டது' என்று சொல்லும்போது அதில் இரண்டு சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பொறி, மற்றது அதற்குள் இருக்கும் கோப்புகள். பொறியைக் காப்பாற்றுவது எளிது, காசு கொடுத்தால் புதிதே கிடைக்கும். கடைக்காரர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 80 ரிங்கிட்டுக்கு ஒரு மணி நேர வேலைதான் செய்ய முடியும், அந்த ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை ஃபார்மேட்தான். நானும் செய்திருக்கிறேன். கடை வைத்த புதிதில் ஓர் ஆலயக் குழுவின் கணினி வந்தது. 'எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கிறது தம்பி, நீங்கள் அடியுங்கள்' என்றார் கொண்டுவந்தவர். அடித்தேன். கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல் அதில் மட்டும்தான் இருந்தது என்பது மறுநாள் செயலாளர் வந்து என் கடை வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அன்று முதல் யார் எதைச் சொன்னாலும் நான் திறந்து பார்க்காமல் அழிப்பதில்லை.

முதலில் அன்று மாலை என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறும்போது உங்கள் படங்களை அது வேறெங்கோ எடுத்துப்போய், பிறகு திரும்பக் கொண்டுவருவதில்லை. அவை வட்டில் பதிந்த இடத்திலேயே கிடக்கும். எந்தக் கோப்பு எந்தக் கோப்புறைக்குள் என்ற பதிவேடு மட்டுமே மாற்றி எழுதப்படும். வீட்டுச் சாமான்களைத் தூக்காமல் வாசலில் உள்ள வீட்டு எண்ணை மட்டும் மாற்றுவது போல. பழைய விண்டோஸ் அப்படியே 'விண்டோஸ் ஓல்ட்' என்ற பெயரில் ஒரு கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படும், வேலை நடுவில் முறிந்தால் அதற்கே திரும்பிப் போவதற்காக. ஆகவே 62 விழுக்காட்டில் மின்சாரம் போனால் அரைகுறையாவது விண்டோஸ்தான். பாட்டியின் பதிவில் 62 விழுக்காடு மட்டும் மிஞ்சும் என்று பொருளில்லை.

அடுத்தது அந்த நீலத் திரை. 'நான் எந்தப் பூட்டும் போடவில்லையே' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போடவில்லை, உண்மைதான். கணினியே போட்டுக்கொண்டது. அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றை வைத்து முதன்முதலில் உள்ளே நுழைந்தவுடன், வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அந்தப் பூட்டின் பெயர் பிட்லாக்கர். வழக்கமான நாள்களில் கணினிக்குள் இருக்கும் ஒரு சிறு பாதுகாப்புச் சில்லு, 'எல்லாம் நேற்றுப் போலவே இருக்கிறது' என்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திறந்துவிடும். அதனால் ஆறேழு ஆண்டுகள் பூட்டிய வட்டில் வேலை செய்தும் உங்களுக்குத் தெரியவில்லை. மின்தடையால் தொடக்கக் கோப்புகள் அரைகுறையாக நின்றதும் அந்தச் சில்லுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆளை அடையாளம் தெரியாத காவல்கார ஜாகா, அடையாள அட்டையைக் கேட்பது போல, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது.

அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான் உங்கள் ஆறு ஆண்டு உழைப்பும் நிற்கிறது. எனவே தலைப்பில் உள்ள கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். 2019-இல் பெட்டியைப் பிரித்து, அந்தக் கணினியை முதன்முதலில் திறந்து, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தது யார்?

மகன் வாங்கித் தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் பெற்றோருக்குக் கணினி வாங்கினால் எப்படிக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தயார்செய்து, கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி, 'அம்மா, இதைத் தட்டினால் போதும்' என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் தம்முடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆறேழு ஆண்டுகளாக அவருக்கே தெரியாமல் கிடக்கும். நீலத் திரையில் சாவிக்கான அடையாளக் குறி ஒன்று தெரியும். அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் வாட்ஸ்அப் எனும் புலனத்தில் மகனுக்கு அனுப்புங்கள். அவர் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்திற்குள் நுழைந்து, 'டிவைசஸ்' என்ற பகுதியில் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீஸ்' என்பதைத் திறக்க வேண்டும். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், குறியின் முதல் எட்டு எழுத்துகள் உங்கள் திரையில் உள்ளவற்றோடு எதில் ஒத்துப்போகின்றனவோ அதுதான் உங்களுடையது. வேலை முடியும்வரை அந்தக் கணினியைத் தம் கணக்கின் பட்டியலிலிருந்து அவர் நீக்காமல் இருக்கட்டும்.

அவர் தொலைபேசியில் வாசித்து நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் ஒரு சங்கதி. 48 இலக்கங்களும் ஆறு ஆறாக எட்டுக் கட்டுகளாக இருக்கும். ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண். எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால் மீதி வந்து காட்டிக்கொடுத்துவிடும். வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், இந்தச் சோதனை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மகனுடைய கணக்கில் இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம், இன்னும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் பெயரிலேயே பழைய ஹாட்மெயில், அவுட்லுக் முகவரி ஏதாவது இருந்ததா? பணியில் இருந்தபோது கல்வி அமைச்சின் டெலிமா கணக்கை இந்தக் கணினியில் இணைத்தீர்களா? இணைத்திருந்தால் சாவி அந்தக் கணக்கின் பக்கம் போயிருக்கவும் இடமுண்டு. ஓய்வுபெற்றவர்களின் கணக்கை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதைப் பள்ளியின் கணினிப் பொறுப்பாசிரியரிடம் இன்றே கேளுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வாங்கிய நாளில் யாராவது ஒரு தாளில் அச்சிட்டு ரசீதோடு வைத்திருக்கவும்கூடும். கணினிப் பெட்டியைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள், நம் வீடுகளில் அலமாரிக்கு மேல் அந்தப் பெட்டி இல்லாமல் இராது.

எங்குமே இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாவி இல்லாமல் அந்த வட்டை யாராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் முடியாது. ஆயிரக்கணக்கில் கேட்கும் கோலாலம்பூர்க்காரர் சாவி இல்லாமலேயே எடுத்துத் தருவதாகச் சொன்னால், அவர் கையில் கணினியை மட்டுமல்ல, குடையைக்கூடக் கொடுக்காதீர்கள். அப்போதும் ஃபார்மேட் வேண்டாம். கணினியை அணைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். சாவி பின்னொரு நாள் ஒரு பழைய மின்னஞ்சலில் கிடைத்தால் வட்டு திறக்க வாய்ப்புண்டு.

ஃபார்மேட்டை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று தோன்றலாம். பழைய சுழலும் வன்தட்டாக இருந்து, பூட்டும் இல்லாதிருந்தால், ஃபார்மேட் செய்த பிறகும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு படங்களைத் தோண்டி எடுக்கலாம், நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உங்களுடையது சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. ஆக இருக்கும், 2019-இல் தானாகப் பூட்டிக்கொண்ட கணினிகளில் பெரும்பாலும் அதுதான். எஸ்.எஸ்.டி.-யில் ஃபார்மேட் செய்தால் 'இந்த இடமெல்லாம் காலி' என்ற கட்டளை வட்டுக்குப் போய்விடும், வட்டு தன் ஓய்வு நேரத்தில் உள்ளே துடைத்துவிடும். போதாக்குறைக்கு, பூட்டைப் பற்றிய குறிப்புகளும் அழிந்துவிட்டால் பிறகு சாவி கிடைத்தும் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. தோண்டி எடுக்கும் மென்பொருள் கோப்பின் பெயரைத் திருப்பித் தராது. வெறும் எண்களோடு ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். நீங்கள் ஒவ்வொரு படத்துக்கும் 'இன்னார், மூன்றாம் லயம், இன்ன ஆண்டுத் திருவிழா' என்று பெயர் வைத்திருப்பீர்கள். உங்கள் தொகுப்பின் பாதி மதிப்பு அந்தப் பெயர்களில்தான். பெயரில்லாமல் வந்தால், பால்வாளியோடு நிற்கும் அந்தப் பெண் யார் என்று சொல்ல இன்று தோட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதனால்தான் பூட்டைத் திறந்து, வாசல் வழியாகவே உள்ளே போக வேண்டும் என்கிறேன்.

சாவி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே தட்டாதீர்கள். முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிய காலம் ஒன்று உண்டு என்பார்கள், அதே மேகம்தான் உங்கள் பக்கமும் வருகிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்குங்கள், மதியத்திற்குள் முடித்துவிடுங்கள். செத்த பேட்டரியை மாற்றிவிட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லது. மாற்ற முடியாவிட்டால், மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யு.பி.எஸ். பெட்டி ஒன்றைப் பள்ளியிலோ தெரிந்தவர் அலுவலகத்திலோ இரவல் வாங்குங்கள். கணினியின் அடிப்பக்கம் உப்பி, மூடி சரியாகப் படியவில்லையென்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது மின்னேற்றவே வேண்டாம், முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

பென் டிரைவ் எனும் விரலி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வருடிய படம் ஒன்று 8 மெகாபைட் என்றால் 2,300 படங்களுக்கு 18 ஜிகாபைட் சொச்சம். ஒரு மணி நேர ஒலிப்பதிவு 60 மெகாபைட் என்று தாராளமாக வைத்தாலும் நாற்பதுக்கும் இரண்டரை ஜிகாபைட்டுக்குள்தான். ஒரு தோட்டத்தின் கதை முழுவதும் 64 ஜிகாபைட் விரலி ஒன்றில் இடம் விட்டு உட்கார்ந்துவிடும். இரண்டு வாங்குங்கள்.

சாவியைத் தட்டியதும் இரண்டில் ஒன்று நடக்கும். கணினி தானாகவே பழைய விண்டோஸ் 10-க்குத் திரும்ப முயலலாம், மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஆங்கிலத்தில் ஒரு வரி தெரியும். அரை மணி நேரம் ஆனாலும், அதற்கு மேல் ஆனாலும் கைவைக்காதீர்கள். பழைய மேசைத்திரை வந்துவிட்டால் மகிழ்ச்சிதான். வந்த கையோடு வேறெதையும் திறக்காமல் கோப்புகளை விரலிக்கு எடுத்துவிடுங்கள்.

வராவிட்டால், 'சூஸ் அன் ஆப்ஷன்' என்ற நீலப் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே 'டிரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'கமாண்ட் ப்ராம்ட்'. மறுபடி சாவியைக் கேட்டால் கொடுங்கள். கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். பெரிய கட்டளை எதுவும் தெரிய வேண்டாம். நோட்பேட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். நம் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சாதாரணக் குறிப்பேடு, விண்டோஸே எழுந்திருக்காத கணினியில் வந்து நிற்கும். அதில் 'ஃபைல்', பிறகு 'ஓபன்'. கீழே கோப்பு வகை என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் படங்கள் எதுவும் கண்ணில் படாது. இப்போது அந்தச் சிறு சாளரம் வழியாகவே வட்டு முழுவதையும் பார்க்கலாம். கோப்புறை மேல் வலப்பக்கச் சொடுக்கு, 'காப்பி', பிறகு விரலிக்குப் போய் 'பேஸ்ட்'.

இதில் மூன்று இடங்களில் தடுமாறுவார்கள். வழக்கமாக சி என்று இருக்கும் வட்டு இங்கே டி என்றோ வேறு எழுத்தாகவோ தெரியலாம், பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாகத் திறந்து 'யூசர்ஸ்' என்ற கோப்புறை எதில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் உங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். மகனுடைய மின்னஞ்சல் முகவரியில் தொடங்கிய கணினி என்றால், அந்த முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே கோப்புறையின் பெயராக இருக்கும், அதுதான் உங்களுடையது. அங்கே வெறுமையாக இருந்தால் 'விண்டோஸ் ஓல்ட்' கோப்புறைக்குள் இன்னொரு 'யூசர்ஸ்' இருக்கும், அதில் பாருங்கள். மூன்றாவது, 'பேஸ்ட்' கொடுத்த பிறகு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை எதுவும் வராமல் சாளரம் உறைந்தது போல நிற்கக்கூடும். உறையவில்லை, வேலை நடக்கிறது. விரலியில் விளக்கு இருந்தால் மினுங்குவதைப் பாருங்கள். 20 ஜிகாபைட் போக நேரம் பிடிக்கும், படங்களை ஒரே மூட்டையாக எடுக்காமல் கோப்புறை கோப்புறையாக எடுங்கள்.

இந்த வழியும் அடைபட்டால், வேறொரு கணினியில், விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி, அந்த விரலியிலிருந்தே உங்கள் கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். வட்டில் எதையும் நிறுவாமல் சும்மா எட்டிப் பார்க்கும் முறை அது. இன்றைய உபுண்டு பிட்லாக்கர் பூட்டுக்கும் அதே 48 இலக்கத்தைக் கேட்டுத் திறக்கும். கணினியே எழவில்லை, இடியில் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை போய்விட்டது என்றாலும், வட்டைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கூட்டில் போட்டு இன்னொரு விண்டோஸ் கணினியில் செருகலாம், அங்கும் சாவி கேட்கும். இந்த இரண்டு வேலைகளுக்கும் கடைக்காரரைத் தாராளமாக அழையுங்கள். கணினி மூடியில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, 'ஜாங்ஙான் ஃபார்மேட்', அதாவது ஃபார்மேட் செய்யாதே, என்று மலாயில் பெரிதாக எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது கல்லாவில் இருப்பவரோடு நின்றுவிடும், உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் பையனுக்குத் தாள்தான் பேசும்.

இந்த இடத்தில் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆலயக் கணக்கு பழையது என்கிறீர்கள். தொண்ணூறுகளிலோ இரண்டாயிரத்தின் தொடக்கத்திலோ தட்டச்சு செய்ததென்றால் அது இன்றைய பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் இருக்காது. நம் மலேசியாவில் 1985-இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருளில்தான் அன்று பலரும் தமிழ் எழுதினார்கள். அந்தக் காலத்து எழுத்துருக்களில் 'அ' என்பது கணினியைப் பொறுத்தவரை 'அ' அல்ல, ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்துக்குத் தமிழ் வேடம் கட்டியது. வேடம் அந்த எழுத்துருக் கோப்பில் இருக்கிறது. மகன் வீட்டுக் கணினியில் திறந்து பார்த்தால் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த எழுத்துகளாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதே நிலையில் திருத்திச் சேமித்துவிட மட்டும் கூடாது.

எழுத்துருக்கள் பெரும்பாலும் உங்கள் கோப்புறையில் இருப்பவை அல்ல. 'விண்டோஸ்' கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். எல்லாரும் 'யூசர்ஸ்' கோப்புறையை எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், பிறகு ஃபார்மேட் ஆகிவிடுகிறது, இருபது ஆண்டுக் கணக்கு வாசிக்க முடியாத குப்பையாகிவிடுகிறது. நோட்பேட் வழியாகப் போகும்போதே 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் விரலிக்கு எடுத்துவிடுங்கள். 'விண்டோஸ் ஓல்ட்' இருந்தால் அதற்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' முக்கியம். பிற்பாடு ஆற அமர யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றிகள் இருக்கின்றன.

இத்தனைக்கும் நடுவில், சாவி தேடும் நேரத்திலேயே, கையில் என்னென்ன பிரதிகள் இருக்கின்றன என்றும் பாருங்கள். 'வேறு பிரதி இல்லை' என்று எழுதுபவர்களில் பலருக்குப் பாதியாவது எங்கேயோ இருக்கும். பாட்டியை எதில் பதிவு செய்தீர்கள்? கைப்பேசி என்றால் அந்தப் பழைய கைப்பேசி எங்கே? மேசை அறையில் மின்னேற்றாமல் கிடக்கிறதா? பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குப் புலனத்தில் அனுப்பினீர்களா? மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் இலவசமாக 5 ஜிகாபைட் இடம் தருகிறது, பல கணினிகளில் கேட்டும் கேட்காமலும் மேசைத்திரைக் கோப்புகளை அங்கே ஏற்றிவிடும். மகன் சாவியைத் தேடும் அதே கணக்கில் ஒன்டிரைவையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அவசரம் உங்களுடையதா என்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. அன்றைக்கே கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. வீட்டுப் பயனாளர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்றும் அறிவித்திருந்தார்கள். அறிவிப்புப் பெட்டி அதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்காது. பயமுறுத்தும் அறிவிப்பைக் கண்டு பொத்தானை அழுத்தியது குற்றமல்ல. பிரதி எடுக்காமல் அழுத்தியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, என் சொந்தக் கணினியின் பிரதி எப்போது எடுத்தது என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும்.

கோப்புகள் விரலிக்கு வந்த பிறகு கணினியைச் சரிசெய்வது சின்ன வேலை. அதே நீலப் பக்கத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதைப் பார்க்கலாம், 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' செய்யலாம், ஒன்றும் நடக்கவில்லையென்றால் 8 ஜிகாபைட் விரலி ஒன்றில் விண்டோஸை ஏற்றிப் புதிதாகவே போட்டுவிடலாம். உங்கள் கணினியின் விண்டோஸ் உரிமம் அந்தப் பொறியோடு ஒட்டியது, அதே பதிப்பைப் போட்டால் இணையத்தில் இணைந்ததும் தானாக ஏற்றுக்கொள்ளும். 'லைசன்ஸுக்கு இன்னும் 150' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். புதிதாகப் போட்ட பிறகு மறுபடி பூட்டிக்கொள்ளும், அந்தப் புதுச் சாவியை அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. விரலியில் கோப்புகளின் பெயர் தெரிகிறது என்பதை நம்பிக் கணினியைக் கைவிட்டுவிடாதீர்கள். பெயர் வந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அளவு பூஜ்யம் என்று காட்டும், இப்படியும் நடக்கும். விரலியை வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலும் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். இரண்டாவது விரலிக்கும் ஒரு பிரதி எடுத்து மகனிடம் கொடுத்து அனுப்புங்கள். ஒலிப்பதிவுகளைத் தொடக்கம் மட்டும் கேட்டுவிட்டு மூடாதீர்கள், நடுவில் அறுந்த கோப்பும் தொடக்கத்தில் நன்றாகத்தான் ஓடும். சயாமுக்குப் போன அப்பாவின் கதையைப் பாட்டி சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள். பதிவு கடைசி நொடிவரை ஓடி நின்றால், கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போகலாம். வெள்ளைத்தாளைக் கிழித்துவிட்டு ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு 80 ரிங்கிட் நியாயமான விலைதான்.